எம்புள்ளதான், எழுதிக்க

மாதக் கடைசி வந்துவிட்டால் எனக்கு அந்த அம்மா மேல் எரிச்சலாக வரும். மற்ற ஊர் நர்சுகளெல்லாம் எள் என்றால் எண்ணெயாக நிற்பார்கள். போன் அடித்த வேகத்தில் எடுத்து, பிறப்பு இத்தனை, தடுப்பூசி இத்தனை, குழந்தை சாவு இல்லை என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவார்கள். இவர் ஒருத்தர்தான் எடுக்கமாட்டார். தப்பித் தவறி எடுத்தாலும், "பொறும்மா, இன்னும் ரெண்டு வூடு பாக்கல" என்பார்.

"குத்துமதிப்பா சொல்லுங்கக்கா. ரிப்போர்ட்ட அனுப்பிட்டு நான் வூட்டுக்குப் போவணும்."

"குத்துமதிப்பா சொல்றதுக்கு புள்ளைங்க இன்னா பூசணிக்காயா?"

அவ்வளவுதான், லைன் போய்விடும். அவருக்கு டவர் கிடைப்பது தண்ணி டேங்க் மேட்டில் மட்டும். பேச வேண்டுமானால் அங்கே ஏறி நிற்க வேண்டும். பேச இஷ்டமில்லை என்றால் நாலடி இறங்கினால் போதும். இந்த வசதியை அவர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. சுகாதாரத்தில் இருக்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஒரு ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஊர் ஊராக எத்தனை குழந்தை பிறந்தது, என்ன எடையில் பிறந்தது, ஒரு வயது முடிவதற்குள் எத்தனை போனது என்று நர்சுகள் சொல்வதைத் தட்டி ஏற்றுவேன். நல்ல ஊருக்குக் கம்ப்யூட்டர் பச்சை காட்டும், கெட்ட ஊருக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கிய நர்சுகளை மாதாமாதம் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் மெமோவையும் நான்தான் அடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே நாற்காலி, இதே முதுகுவலி.

அவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே ஒரு சப் சென்டரில் கிராம நர்சாக இருந்தார். சொந்த ஊர் கீழே நைனார்பாளையம். பணி மாறுதல் கேட்டு எத்தனையோ பேர் எங்கள் ஆபீஸ் படியைத் தேய்த்திருக்கிறார்கள். இவர் கேட்டதேயில்லை. மலையில் எல்லோருக்கும் நர்சம்மா. எனக்கு அக்கா. பேரை எழுதமாட்டேன். "எம்பேரு இன்னாத்துக்கு, ஊரு பேர சரியா போடு" என்று அவரே சொல்வார்.

ஒரு தடவை கணக்கெடுப்பு ஒன்றுக்காக என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். பஸ் வளைந்து வளைந்து ஏறியதில், காலையில் தின்ற இட்லி வெள்ளிமலை வரைக்கும் தங்கவில்லை. அப்புறம் வாடகை ஜீப், அப்புறம் நடை. போய்ச் சேர்ந்தபோது அக்கா அலட்டிக்கொள்ளாமல் ஒரு சீமை ஓட்டு வீட்டு வாசலில் நின்று, குழந்தை எடை பார்க்கும் தொங்கு தராசில் ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, உப்பு யாவாரமா?"

"தராசு பொய் சொல்லுதான்னு பாக்கறேன். புள்ளய மாட்றதுக்கு முன்னால ஒரு வாட்டி பாத்துட்டா நிம்மதி."

முள் சரியாக ஒன்றில் நின்றது. அந்த உப்பு பாக்கெட்டை யாரும் பிரித்துச் சமையலுக்குப் போட்டுவிடக் கூடாது என்று மேலே சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். அப்புறம்தான் குழந்தையைத் துணியில் போட்டு மாட்டினார். பிறந்து இரண்டு நாள். அம்மாக்காரி பேர் சின்னப்பொண்ணு. அவளே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். முள் ஒரு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது.

மாமியார்க்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டுன்னு எழுதிடு நர்சம்மா. மருமவ அழுவுறா. நூறுதான கம்மி?"

"நான் எழுதுனா புள்ளைக்கு ஏறிடுமா?" என்று கேட்டார் அக்கா. குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. சீட்டில் ஒன்று தொள்ளாயிரம் என்றே எழுதினார். பிறகு குழந்தையின் சட்டையைக் கழற்றி, சின்னப்பொண்ணின் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்டும்படி வைத்து, ஒரு பழைய சேலையால் சுற்றிக் கட்டினார். "இப்பிடியே வெச்சிக்கினு இரு. குளிக்கப் போறப்ப உம் மாமியா வெச்சிக்கட்டும், இல்ல உம் புருசன் வெச்சிக்கட்டும். கீழ மட்டும் எறக்காத."

புருஷன்காரன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம், தினமும் ஏறி இறங்கி அந்தக் குழந்தையை நிறுத்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அடுத்த மாதக் கடைசி போனில் முதல் வார்த்தையே, "ரெண்டு நானூறும்மா!" என்றார். எனக்கு யாரைச் சொல்கிறார் என்று புரியவில்லை. "எது ரெண்டு நானூறு?" என்று கேட்டுவிட்டேன். "போ, உங்கிட்ட போயி சொன்னேன் பாரு" என்று வைத்துவிட்டார்.

கரும்பு வெட்டு தொடங்கினால் மலையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். குடும்பத்தோடு இறங்கி, கச்சிராயபாளையம் பக்கம் அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் வரப்போரம் காய்ந்த கரும்புச் சோகை வேய்ந்த குடிசை போட்டுக்கொண்டு, வெட்டு முடியும்வரை அங்கேயே இருப்பார்கள். நிறைமாதப் பெண்களும் போவார்கள். போகாமல் எதைச் சாப்பிடுவது? அங்கே ஒரு குழந்தை பிறந்து ஏதாவது ஆகிவிட்டால் அது யாருடைய கணக்கு என்று பெரிய இழுபறி நடக்கும். கீழே இருக்கும் நர்ஸ், "அவங்க மலைக்காரங்க சார்" என்பார். மலை நர்ஸ், "பொறந்தது கீழ சார்" என்று சொல்லித் தப்பிக்கலாம். வேறு எந்த மலை நர்சும் அப்படித்தான் சொல்வார்.

இவர் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை லீவில் தன் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து, கரும்புக் கொல்லையில் தன் பெண்களைத் தேடிக்கொண்டு திரிவார். ஒரு தடவை அந்தப் பகுதி நர்ஸ் வழிமறித்து, "இது என் ஏரியாக்கா, நீங்க இன்னாத்துக்கு வர்றீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். "ஏரியா உன்னுது, பொம்பள என்னுது" என்று சொல்லிவிட்டு இவர் பாட்டுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாராம். அந்த நர்சே என்னிடம் வந்து புலம்பினாள்.

கூட்டத்திலும் அதே கதைதான். எங்கள் பெரிய அதிகாரி சிவப்புப் பட்டியலை வாசிப்பார். "இந்தக் குழந்தை யாரோடது?" என்பார். அறை முழுக்க எல்லோரும் கழுவுற மீனில் நழுவுற மீனாகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். அக்கா எழுந்து நிற்பார்.

"எம்புள்ளதான் சார். எழுதிக்குங்க."

"நீங்க இப்படியே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு இருந்தா, உங்க சென்டர் எப்பத்தான் முன்னேறும்?"

மெமோவை வாங்கிக்கொண்டு போவார். சில சமயம் என் மேஜைக்கு வந்து, "இன்னாம்மா, இந்த மாசம் எனக்கு ஒண்ணு அடிச்சி வெச்சிருப்பியே, குடு" என்று அவரே கேட்டு வாங்குவார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் டீக்கடையில் கேட்டேவிட்டேன். "ஏங்கா இப்பிடி ஊர் பழியெல்லாம் தலைல போட்டுக்கிறீங்க? அது கீழதான பொறந்துச்சி?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நானும் வேணாம்னுட்டா அந்தப் புள்ளய யாரு எடுப்பா? செத்தும் ஊரில்லாம அலையட்டுமா?" டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மலைக்கு ஜீப்பு எப்பிடி வந்துச்சின்னு நெனைக்கிற? அழுவுற புள்ளைக்குத்தான்மா பாலு" என்றார்.

அது உண்மைதான். மலைக்கென்று ஒரு ஜீப் ஆம்புலன்ஸ் வந்தது இவருடைய சிவப்புக் கட்டங்களைப் பார்த்துத்தான். எந்தப் பகுதியில் சாவு ஜாஸ்தியோ அங்கே வண்டி என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்த ஜீப் வந்த பிறகு மலையில் பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு போவது குறைந்தது. எனக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்த வருஷம் வெட்டு சமயத்தில் மலைக் குடும்பங்களில் மூன்று குழந்தைகள் போய்விட்டன. மூன்றும் மூன்று ஊர் கரும்புக் கொல்லையில். அக்கா வழக்கம்போல மூன்றையும் எழுதச் சொல்லி, டேங்க் மேட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா பேர், அப்பா பேர், எத்தனை நாள் இருந்தது, கடைசியாக என்ன எடை. எனக்குப் பகீரென்றது. போன வருஷத்து மெமோக்களே அவர் பேரில் சேர்ந்து கிடந்தன. இன்னும் ஒன்று போனால் விசாரணை வைப்போம் என்று அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது விசாரணை வந்தால் பென்ஷன் நின்றுபோகும். புருஷன் இல்லாத மனுஷி. மகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வாழ்க்கை அமையவில்லை. பாவமாக இருந்தது.

படிவத்தில் 'இருப்பிடம்' என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று குழந்தைக்கும் அதில் மலை என்று இருந்ததை அழித்துவிட்டு, அந்தந்தக் கரும்புக் கொல்லை இருந்த ஊரைப் போட்டேன். பொய்கூட இல்லையே, அங்கேதானே இருந்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீழே பெரிய பெரிய ஊர்கள். ஊருக்கு ஒன்று கூடியது யார் கண்ணுக்கும் படவில்லை. மலை மட்டும் பளிச்சென்று பச்சையாகிவிட்டது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வருஷக் கடைசிக் கூட்டத்தில், குழந்தை சாவே இல்லாத சென்டர் என்று மலைக்குப் பரிசு அறிவித்துவிட்டார்கள். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டு, ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கும்போது அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேடயத்தை என் மேஜைமேல் வைத்தார். "மூணு புள்ளைங்களையும் எங்க வெச்ச?"

"அக்கா, உங்களுக்காகத்தான்… மெமோ வரும்னு…"

"எனக்கா? நான் உங்கிட்ட கேட்டனா?" குரல் உயர்ந்தது. "மலைய விட்டு எறங்கி அவ்வளோ தூரம் போயி, அவுங்க அம்மாளுங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டுக்கினு வந்து சொன்னேன். நீ இங்க ஃபேன் காத்துல குந்திக்கினு அழிச்சிட்டியா?"

அவர் என்னிடம் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மாற்று, இப்போதே மாற்று என்று நின்றார். வருஷம் முடிந்ததும் கம்ப்யூட்டரில் பழைய கணக்கைப் பூட்டிவிடுவார்கள், என்னால் திறக்க முடியாது என்று சொன்னேன். நேராக அதிகாரி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். "கணக்குல தப்பு சார், மூணு சாவு எங்க மலையோடது" என்று மட்டும் சொன்னார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "பரிசு குடுத்தா வேணாம்னு சண்டைக்கு வர்ற ஆள இப்பதாங்க பாக்கறேன். போங்க, போயி ரெஸ்ட் எடுங்க" என்றார். நான்தான் மாற்றினேன் என்று உள்ளே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் கையெழுத்து. என் பயம் எனக்கு.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. மலையில் நிலைமை நன்றாக முன்னேறிவிட்டதால், ஜீப்பை அதைவிடத் தேவை அதிகமுள்ள இன்னொரு பக்கத்துக்கு மாற்றுகிறோம் என்று. அதையும் நான்தான் டைப் அடித்தேன். அடிக்கும்போது ஒரு இடத்தில்கூடத் தப்பு வரவில்லை. தயவுசெய்து திரும்பக் கொடுங்கள் என்று அக்கா கைப்பட மூன்று கடிதம் எழுதினார். மூன்றையும் ஃபைலில் கோத்து வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. மாதக் கடைசி கூட இல்லை. பின்னால் மழைச் சத்தம் ஓவென்று கேட்டது.

"ஜீப்பு எங்க நிக்கிதுன்னு கேட்டுச் சொல்லும்மா, சீக்கிரம். சின்னப்பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி. புள்ள குறுக்க கெடக்குது."

நான் டிரைவருக்குப் போட்டேன். வண்டி மாவட்டத்தின் அந்தக் கோடியில் நின்றது. மலைக்கு வர மூன்று மணி நேரமாவது ஆகும் என்றான். இன்னொரு ஆம்புலன்ஸ் அடிவாரத்திலிருந்து கிளம்பி, வழியில் மரம் விழுந்து பாதியில் நின்றுவிட்டது. இதைச் சொல்ல அக்காவுக்குத் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. டேங்க் மேட்டிலிருந்து இறங்கிப் போயிருப்பார். அன்று சாயங்காலம் வரை எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது.

கம்பில் துணி கட்டித்தான் தூக்கியிருக்கிறார்கள். முன்னால் அவள் புருஷன், பின்னால் அவள் அண்ணன், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு அக்கா. ரோடு வரைக்கும் நடந்து, மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்த ஒரு டெம்போவை மறித்து ஏற்றி, விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கம் இறக்கி, அந்தப் பக்கம் ஆம்புலன்சில் ஏற்றி, அப்படி வந்து சேர்ந்தார்கள். சின்னப்பொண்ணு பிழைத்துக்கொண்டாள். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரி வரும்போதே அதற்கு மூச்சு மெலிந்துவிட்டது. மறுநாள் விடியுமுன் போய்விட்டது. எடை மூன்று கிலோ. மலையில் அந்த வருஷம் பிறந்ததிலேயே நல்ல எடை.

அதற்கப்புறம் ஜீப் மறுபடி மலை ஏறியது. அந்த ஒரு சாவால் கட்டம் சிவப்பானது, அதைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. அக்கா ஓய்வு பெற்று நைனார்பாளையம் போய்விட்டார். மக்காச்சோளம் போட்டிருக்கிறார் என்று கேள்வி. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போய்வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் இன்னும் போகவில்லை.

சின்னப்பொண்ணின் குழந்தை போன அந்த மாதக் கடைசியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்று அக்கா நான் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. அவரே போன் போட்டார். மேடு ஏறிய மூச்சு வாங்கியது. பிறப்பு, தடுப்பூசி எல்லாம் சொன்னார். அப்புறம், "சாவு ஒண்ணு. எழுதிக்க" என்றார்.

"இருப்பிடம்க்கா?" என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டிய கட்டம்.

"மலை. எம்புள்ளதான்."

மலை என்று அடித்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். அதற்கு அடுத்த கட்டம், சாவுக்குக் காரணம். அதில் நாமாக எதையும் எழுத முடியாது, கம்ப்யூட்டர் காட்டும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட வேண்டும். எடைக் குறைவு, மூச்சுத் திணறல், தொற்று, பிறவிக் கோளாறு என்று வரிசையாக இருக்கும். "ஆஸ்பத்திரிச் சீட்டுல மூச்சுத் திணறல்னு இருக்குதுக்கா. காரணம் அதையே போட்டுடவா?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அங்கே காற்று அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட, ஒரு எழுத்தைக்கூட அவர் என் இஷ்டத்துக்கு விட்டதில்லை.

"அதுக்கு காரணம் உனக்குத்தாம்மா தெரியும்" என்றார். குரலில் கோபமே இல்லை, ரொம்பக் களைத்திருந்தார். "நீயே போட்டுக்க."

வைத்துவிட்டார். நான் பட்டியலை மேலிருந்து கீழே வரை இறக்கிப் பார்த்தேன், மறுபடி மேலே ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். ஆபீசில் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியில் 'மற்றவை' என்று இருந்தது. அதைத் தொட்டுவிட்டு, அடுத்த ஊர் நர்சுக்கு போன் போட்டேன்.